ஏலத்தில் போன விலை எது? உயர்ரக மரச்சாமான் ஏல முடிவுகளை வாசிக்கும் முறை

2025 டிசம்பரில் நியூயார்க்கில் ஏல நிறுவனம் சோத்பீஸ் நடத்திய ஏலத்தில் ஒரு நீர்யானை 3.14 கோடி டாலருக்குப் போனது. பிரெஞ்சுச் சிற்பி பிரான்சுவா-சேவியே லலான் 1976இல் நீர்யானை வடிவில் செம்புத் தகட்டில் செய்த மதுபான பார் அது. உடம்பைத் திறந்தால் உள்ளே பாட்டிலும் கோப்பையும் ஐஸும் வைக்க இடம் இருக்கும். ஏலத்துக்கு முன் நிறுவனம் கொடுத்த மதிப்பீடு 70 லட்சம் முதல் 1 கோடி டாலர். இந்த எண்களை வைத்துத் தலைப்பு எழுதினால் இரண்டு செய்தி கிடைக்கும்: மேல் மதிப்பீட்டைப்போல் மூன்று மடங்கு, டிசைன் ஏலங்களில் புதிய உச்சம்.

இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மதிப்பீடு என்பது ஏலக்காரர் சுத்தியலைத் தட்டும் விலைக்கானது. செய்தியில் வரும் விலையில் வாங்கியவர் நிறுவனத்துக்குக் கட்டும் பிரீமியமும் சேர்ந்திருக்கிறது. சோத்பீஸ் 2025 பிப்ரவரியில் வைத்த விகிதப்படி முதல் 20 லட்சம் டாலருக்கு 27 சதவீதம், அதற்குமேல் 80 லட்சம் வரை 22 சதவீதம், அதையும் தாண்டிய தொகைக்கு 15 சதவீதம். இதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் சுத்தியல் விலை சுமார் 2.67 கோடி டாலர் என்று வருகிறது. மேல் மதிப்பீட்டோடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான். அப்போதும் பெரிய விலைதான், ஆனால் மூன்று மடங்கு இல்லை.

'உச்சம்' என்பதிலும் ஒரு எல்லைக்கோடு உண்டு. பிளாரன்ஸ் நகரப் பட்டறையில் 18ஆம் நூற்றாண்டில் செய்த 'பேட்மின்டன் கேபினெட்' என்ற அலமாரி 2004 டிசம்பரில் லண்டனில் இன்னொரு பெரிய ஏல நிறுவனமான கிறிஸ்டீஸில் 1.9 கோடி பவுண்டுக்குப் போனது. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 3.67 கோடி டாலர். அது நீர்யானையைவிடக் கூடுதல். ஏல நிறுவனங்களின் வழக்கில் 'டிசைன்' என்றால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இன்றுவரை வந்தவை. அதற்கு முந்தியவை 'மரச்சாமான்', 'அலங்காரக் கலை' என்று வேறு துறையில், வேறு நாளில், பெரும்பாலும் வேறு ஆட்கள் கேட்கும் ஏலத்தில் வரும். உச்ச விலை என்று படித்தால் எந்தத் துறையில், எந்த நாணயத்தில், எந்த வடிவமைப்பாளருக்கு என்ற மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரீமியத்தைக் கழிப்பது

முடிவுகளைத் தொடர்ந்து கவனிக்க நினைக்கும் யாரும் முதலில் பழக வேண்டிய வேலை இது. நிறுவனங்கள் தங்கள் வலைத்தளத்தில் பிரீமியம் சேர்த்த விலையைத்தான் போடுகின்றன. விகிதமோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. கிறிஸ்டீஸ் 2023 பிப்ரவரியில் வைத்தது 10 லட்சம் டாலர் வரை 26 சதவீதம், 60 லட்சம் வரை 20, மேலே 14.5. சோத்பீஸ் 2024இல் விகிதத்தைக் குறைத்துப் பார்த்தது. ஓராண்டுக்குள் திரும்ப ஏற்றிவிட்டது. ஆகவே 2010இன் விலையையும் 2025இன் விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்தால், பொருளின் விலை ஏற்றத்தோடு நிறுவனத்தின் கட்டண ஏற்றமும் கலந்துவிடும்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்க்கலாம். அயர்லாந்து வடிவமைப்பாளர் அய்லீன் கிரே 1917க்கும் 1919க்கும் இடையில் செய்த 'டிராகன்' கைப்பிடி நாற்காலி 2009 பிப்ரவரியில் பாரிஸ் கிராண்ட் பலேயில், கிறிஸ்டீஸ் நடத்திய ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சாங் லோரான் சேகரிப்பின் ஏலத்தில் வந்தது. அறிவித்த விலை 2,19,05,000 யூரோ. அன்றைய விகிதம்: முதல் 20,000க்கு 25 சதவீதம், 8 லட்சம் வரை 20, அதற்குமேல் 12. சுத்தியல் 1,95,00,000 யூரோவில் விழுந்திருந்தால் முதல் படியில் 5,000, இரண்டாம் படியில் 1,56,000, மூன்றாம் படியில் 22,44,000, ஆக 24,05,000. கூட்டினால் அறிவித்த விலை ஒரு யூரோ பிசகாமல் வருகிறது. இப்படிச் சரியாக வந்து பொருந்தினால்தான் சரியான விகிதத்தைப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். சுத்தியல் விலைகள் பெரும்பாலும் ஏல ஏற்றப் படிகளில் விழும் முழு எண்கள். கணக்கில் 1,94,83,216 மாதிரி எண் வந்தால் விகிதம் தப்பு, அல்லது விலையில் வரியும் சேர்ந்திருக்கிறது.

அதன் மதிப்பீடு 20 முதல் 30 லட்சம் யூரோ. சுத்தியல் விலை மேல் மதிப்பீட்டைப்போல் ஆறரை மடங்கு. ஆனால் இந்த முடிவைக் கொண்டு மற்ற அய்லீன் கிரே நாற்காலிகளை மதிப்பிடக் கூடாது. இது ஒற்றைப் பிரதி, புகழ்பெற்ற சேகரிப்பிலிருந்து வந்தது, மூன்று நாள் ஏலத்தின் மொத்த வசூலே 37 கோடி யூரோவைத் தாண்டியது. உடையவர் பெயருக்கும் அந்த அரங்கின் சூட்டுக்கும் சேர்த்துத்தான் விலை ஏறியது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஆஸ்திரேலிய வடிவமைப்பாளர் மார்க் நியூசனின் 'லாக்ஹீட் லவுஞ்ச்'. கண்ணாடி இழை உடம்பின்மேல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துப் பொருத்திய சாய்வு இருக்கை. 10 வரிசைப் பிரதி, 4 கலைஞர் பிரதி (வடிவமைப்பாளர் தனக்கென்று வைத்துக்கொள்பவை), 1 முன்மாதிரி என்று மொத்தம் 15 மட்டுமே உண்டு. 2015 ஏப்ரலில் லண்டனில் ஏல நிறுவனம் பிலிப்ஸ் ஒன்றை 24,34,500 பவுண்டுக்கு விற்றது. உயிரோடிருக்கும் வடிவமைப்பாளரின் பொருளுக்கு அது உச்ச விலை என்று எங்கும் பேசப்பட்டது. அன்றைய விகிதத்தைக் கழித்தால் சுத்தியல் விலை 21,00,000. மதிப்பீடு 15 முதல் 25 லட்சம். அதாவது உச்சம் என்று பேசப்பட்ட விலை, நிறுவனம் எதிர்பார்த்த இடத்துக்குள்ளேயே விழுந்தது. அரங்கில் யாரும் வெறிகொண்டு மோதவில்லை. இத்தாலிய வடிவமைப்பாளர் கார்லோ மொல்லினோவின் மரமும் கண்ணாடியும் சேர்ந்த மேசை 2005இல் நியூயார்க் கிறிஸ்டீஸில் 38,24,000 டாலருக்குப் போனபோது நடந்தது வேறு. மதிப்பீடு ஒன்றரை முதல் இரண்டு லட்சம். சுத்தியல் விலை 34 லட்சம். மேல் மதிப்பீட்டைப்போல் 17 மடங்கு. அந்த நாளில்தான் மொல்லினோ வேறு விலைத்தட்டுக்கு நகர்ந்தார். 2020இல் புரூக்ளின் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த மொல்லினோ மேசையை விற்றபோது 20 முதல் 30 லட்சம் டாலர் என்று மதிப்பீடே போட முடிந்தது. போனது 60 லட்சத்துக்கு மேல்.

விலையின் உயரத்தைவிட மதிப்பீட்டுக்கும் சுத்தியலுக்கும் உள்ள இடைவெளிதான் சந்தையைப் பற்றி அதிகம் சொல்லும். கீழ்த்தட்டுப் பொருள்களில் இது இன்னும் முக்கியம். ஒரு ஜோடி நாற்காலிக்கு 20,000 முதல் 30,000 டாலர் மதிப்பீடு என்று வைத்துக்கொள்வோம். சுத்தியல் 17,000இல் விழுகிறது. 27 சதவீதம் சேர்த்தால் 21,590. வலைத்தளத்தில் பார்ப்பவருக்கு மதிப்பீட்டுக்குள் விற்றமாதிரி இருக்கும். உண்மையில் கீழ் மதிப்பீட்டையே தொடவில்லை. விற்பவர் இறங்கி வந்திருக்கிறார். ஒரு ஏலத்தில் இப்படிப் பத்துப் பதினைந்து லாட் (ஒரே எண்ணில் ஏலத்துக்கு வரும் உருப்படி அல்லது தொகுதி) இருந்தால் அந்தப் பிரிவு தளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

விற்காமல் போனவை

விற்பவருக்கும் நிறுவனத்துக்கும் இடையில் ரகசியமாக ஒரு அடிவிலை உண்டு. அது கீழ் மதிப்பீட்டைத் தாண்டக் கூடாது என்பது பெரிய நிறுவனங்களின் விதி. அடிவிலை வரும்வரை ஏலக்காரர் விற்பவர் சார்பில் தானே கேட்டு விலையை ஏற்றிக்கொண்டு போகலாம். இது விற்பனை நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கும். நேரலையில் பார்ப்பவருக்கு நாலைந்து பேர் போட்டி போடுவதுபோல் தோன்றும். ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லிவிட்டுச் சுத்தியல் விழும். ஆனால் வாங்கியவரின் அட்டை எண் வாசிக்கப்படாது. அந்த லாட் விற்கவில்லை.

விற்காத லாட்டுகள் முடிவுப் பட்டியலில் எளிதில் கண்ணில் படாது. சில தளங்களில் விலை இல்லாமல் நிற்கும், சில தளங்களில் பட்டியலைவிட்டே போய்விடும். ஆகவே ஏலத்துக்கு முந்தைய நாளே ஏலப் பொருள்களின் முழு அட்டவணையையும் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு லாட் எண்களை வரிசையாக ஒப்பிட்டால் எந்த எண் விடுபட்டது என்று தெரியும். விடுபட்டதில் இரண்டு வகை: அரங்குக்கு வந்து விலை போகாதது, ஏலத்துக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது வகை பல சமயம் முதல் வகையின் மறுபெயர்தான். யாரும் ஆர்வம் காட்டவில்லை என்று முன்கூட்டித் தெரிந்தால், அரங்கில் அம்பலமாகாமல் இருக்க விலக்கிக்கொள்வார்கள். 100 லாட்டில் 6 விலக்கப்பட்டு 75 விற்றால் நிறுவனம் 94இல் 75, அதாவது 80 சதவீதம் என்று சொல்லும். அட்டவணையை வைத்திருப்பவருக்கு அது 75 சதவீதம்.

உத்தரவாதம் இன்னொரு திரை. பெரிய பொருளுக்கு நிறுவனமோ வெளியாள் ஒருவரோ 'இந்த விலைக்குக் குறையாமல் வாங்கிக்கொள்கிறேன்' என்று ஏலத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுவார். அட்டவணையில் லாட் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னக் குறியீடாக இது நிற்கும். குறியீடுகளின் விளக்கம் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அந்த லாட் ஒரே ஒருவர் ஒருமுறை கேட்ட விலையிலேயே விற்றிருந்தால் வாங்கியவர் உத்தரவாதம் கொடுத்தவராகவே இருக்க வாய்ப்பு அதிகம். அந்த விலை முன்பேரம். அரங்கின் போட்டியில் வந்த விலையாக எண்ணக் கூடாது. குறியீடு ஏலத்தன்று காலையில்கூட மாறும் என்பதால் அச்சிட்ட அட்டவணையோடு நிற்காமல் அன்றைய அறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

சண்டிகர் நாற்காலிகள்

இவ்வளவும் பழகிய பிறகும் ஏமாற வைக்கும் பிரிவு ஒன்று உண்டு. பாரிஸ், லண்டன், நியூயார்க், சிகாகோ எங்கும் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும் சண்டிகர் மரச்சாமான்கள்தான் அது.

சண்டிகர் நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லே கொர்புசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜான்னரே 1951 முதல் 1965 வரை சண்டிகரில் இருந்து வேலை பார்த்தார். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பஞ்சாப் பல்கலைக்கழகம், குடியிருப்புகள், நூலகங்கள் எல்லாவற்றுக்கும் தளவாடம் வேண்டியிருந்தது. தேக்கிலும் ஷீஷம் மரத்திலும் பிரம்புப் பின்னலோடு உள்ளூர்த் தச்சர்கள் பல பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். தலைகீழ் 'வி' வடிவக் கால்கள் கொண்ட அந்த அலுவலக நாற்காலியை இன்று உலகம் முழுவதும் வீட்டு உள்ளலங்காரப் படங்களில் பார்க்கலாம். யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் இந்த வடிவமைப்பில் பங்கெடுத்தார்கள். அட்டவணைகளில் அவர்கள் பெயர் அரிதாகவே வருவது நியாயமில்லை.

காலப்போக்கில் உடைந்தவையும் பழையவையும் மொட்டை மாடிகளிலும் கிடங்குகளிலும் குவிந்தன. அலுவலகங்கள் அவற்றைக் கழித்துக்கட்டி, கழிவு ஏலத்தில் விற்றன. 1990களின் கடைசியிலிருந்து பிரெஞ்சு வணிகர்கள் சிலர் அங்கே வந்து மொத்தமாக எடுத்தார்கள், பாரிஸில் பழுதுபார்த்தார்கள், ஆவணங்களோடு விற்றார்கள். இந்திய உள்துறை அமைச்சகம் 2011இல் சண்டிகரின் பாரம்பரியப் பொருள்களை விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை போட்டது. அடுத்து எடுத்த கணக்கெடுப்பில் 12,793 பொருள்கள் பதிவாயின. ஆனால் வெளியே போனவற்றைத் திரும்பப் பெறச் சட்டத்தில் பிடி இல்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் மரச்சாமானுக்கு 100 ஆண்டு வயது கேட்கிறது. இவற்றில் எதற்கும் அந்த வயது வரவில்லை. வெளிநாட்டு ஏலங்களில் இவை வரும்போதெல்லாம் சண்டிகரிலிருந்து ஆட்சேபக் கடிதம் போகிறது. அரசு ஏலத்தில் முறைப்படி வாங்கியதுதானே என்று பதில் வருகிறது. ஒரு நகரம் தன் நாற்காலிகளை விறகு விலைக்குத் தள்ளிவிட்டதன் விளைவு இது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் ரசீது வணிகர்கள் கையில் இருக்கிறது.

இவற்றின் ஏல விலையை ஒப்பிடும்போது நடக்கும் முதல் தவறு, எண்ணிக்கையைப் பார்க்காதது. ஒரே அலுவலக நாற்காலி தனியாக, ஜோடியாக, ஆறாக, எட்டாக, பத்தாக வரும். ஒரு நாற்காலிக்கு எவ்வளவு என்று வகுத்துத்தான் எழுத வேண்டும். அப்படி வகுத்தாலும் சமமாகாது. சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போட ஆறு அல்லது எட்டு வேண்டும் என்று தேடுபவர்கள் ஒரே மாதிரித் தொகுதிக்குக் கூடுதலாகத் தருவார்கள். தொகுதியில் இரண்டு நாற்காலி வேறு மரத்தில், வேறு கை வடிவில் இருந்தால் விலை இறங்கும். ஒற்றையாக வருவதற்குப் பெரும்பாலும் ஆள் குறைவு.

இரண்டாவது தவறு மாதிரி எண்ணை மட்டும் நம்புவது. 'பிஜே-எஸ்ஐ-28' என்று தொடங்கும் மாதிரி எண்கள் ஜான்னரே காலத்துப் பதிவுகளில் வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அவை பிற்காலத்தில் பிரெஞ்சு வணிகர்கள் நூலாகத் தொகுத்தபோது பரவியவை. ஒரே எண்ணின்கீழ் பட்டறைக்குப் பட்டறை உயரமும் தடிமனும் மாறிய நாற்காலிகள் உண்டு. அளவு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வேறுபடுவதால் மட்டும் போலி என்றும் சொல்ல முடியாது, ஒத்துப்போவதால் அசல் என்றும் சொல்ல முடியாது. போலிச் சரக்கு இவ்வளவு எளிதாக நுழைந்ததற்கு இதுதான் காரணம். வேலைப்பாடு எளிமையானது, மரம் இந்தியாவில் கிடைக்கிறது, தச்சர்கள் இருக்கிறார்கள். பழைய கதவையும் கட்டிலையும் பிரித்து அறுத்தால் மரத்தின் வயதும் பழையதாகவே இருக்கும்.

ஆகவே படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். முதலில் அரசு அலுவலக அடையாளம்: நாற்காலியின் பின்புறமோ பக்கவாட்டிலோ பெயின்டில் எழுதிய துறைச் சுருக்கமும் எண்ணும் இருக்கும். அசலில் அந்தப் பெயின்ட் மரத்தின் கீறலுக்கு அடியில் இருக்கும். கீறல் எழுத்தை வெட்டிக்கொண்டு போகும். போலியில் எழுத்து கீறலுக்கு மேலே, கீறல் பள்ளத்துக்குள்ளும் பெயின்ட் இறங்கியபடி இருக்கும். அடுத்து கால்களின் அடிப்பக்கம். பல ஆண்டு கழுவித் துடைத்த தரையில் நின்ற காலின் அடியில் நார் கறுத்துப் பிசிறியிருக்கும். நான்கு முனையும் ஒரே மாதிரி கூராக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பிறகு பிரம்பு கோத்த துளைகள். பிரம்பை மாற்றியிருப்பது குறையில்லை, அறுபது வருடப் பிரம்பு யாரிடமும் இல்லை. ஆனால் பலமுறை பின்னப்பட்ட சட்டத்தில் துளைகளின் ஓரம் தேய்ந்து வட்டம் குலைந்திருக்கும். புதுத் துளையில் டிரில்லின் விளிம்பு அப்படியே தெரியும்.

பொருளின் நிலையைப் பற்றி ஏல நிறுவனம் தரும் நிலை அறிக்கையைக் கேட்டு வாங்கினால், பட்டியலில் இல்லாத விஷயம் அதில் இருக்கும். மேற்பூச்சைச் சுரண்டி மறுபடி பாலிஷ் போட்டதா, கை மாற்றப்பட்டதா, குறுக்குச் சட்டம் புதிதா என்பதெல்லாம் அங்கேதான் வரும். ஒரு காலத்தில் பளபளவென்று பழுதுபார்த்ததே விரும்பப்பட்டது. இப்போது பழைய மேற்பூச்சும் அலுவலக எண்ணும் அழியாமல் இருப்பதைத் தேடுகிறவர்கள் அதிகம். ஒரே மாதிரி நாற்காலிக்கு இரண்டு மடங்கு விலை வித்தியாசம் வந்தால் காரணம் பெரும்பாலும் இந்த அறிக்கையில் இருக்கும், சந்தை நிலவரத்தில் இருக்காது.

பொருள் யார் யார் கை மாறி வந்தது என்று சொல்லும் 'உடைமை வரலாறு' என்ற வரி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 'பஞ்சாப் பல்கலைக்கழகம், சண்டிகர்' என்று கட்டடத்தின் பெயரோடு தொடங்கி, கழிவு ஏலத்தின் ஆவணமும் வாங்கிய வணிகரின் பெயரும் வந்தால் வலுவானது. 'ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு' என்று நடுவழியில் தொடங்கினால் முதல் ஐம்பது வருடம் காணாமல் போயிருக்கிறது. 'ஜான்னரே வடிவமைத்தது' என்பதும் 'ஜான்னரேயுடையதாகக் கருதப்படுவது' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் நிறுவனம் தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்கிறது. முடிவுகளை எழுதிவைக்கும் குறிப்பேட்டில் இவை இரண்டும் தனித்தனிப் பத்தியில் போக வேண்டும்.

சந்தைக்கு வரும் அளவும் விலையைக் கட்டிப்போடுகிறது. சாதாரண அலுவலக நாற்காலி ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது. இந்த மாதம் தவறினால் அடுத்த மாதம் இன்னொரு தொகுதி வரும். அதனால் அதில் திடீர்ப் பாய்ச்சல் அரிது. விளக்கு பொருத்திய நூலக மேசை, தாழ்வான 'கங்காரு' நாற்காலி, நீதிமன்றத்துக்கென்று செய்தவை எல்லாம் எப்போதாவதுதான் வரும். அவற்றின் விலையைச் சாதாரண நாற்காலியின் விலையோடு கூட்டிச் சராசரி எடுப்பதில் பொருளில்லை. இத்தாலிய நிறுவனம் காசீனா 2019 முதல் ஜான்னரே வடிவங்களைத் தழுவிப் புதிதாக விற்கிறது, பெங்களூருவின் ஃபேன்டம் ஹேண்ட்ஸும் செய்கிறது. வடிவம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஏலத்துக்கு வராமலேயே வழி இருக்கிறது. அதனால் ஆவணம் இல்லாத, அதிகமாகப் பழுதுபார்த்த நாற்காலிகளுக்குத்தான் அடி விழும்.

மரமும் தந்தமும்

எந்த ஊரில் விற்கிறார்கள் என்பது விலையை மாற்றும் இன்னொரு காரணம். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த மற்ற மரங்கள், நம் ஈட்டியும் ஷீஷமும் உட்பட, 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் பட்டியலில் வந்தன. பிறகு சிறு பொருள்களுக்குத் தளர்வு கிடைத்தது. எல்லை தாண்ட அனுமதித் தாள் வேண்டும் என்றால் வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் பின்வாங்குவார்கள். பிரேசிலிய, டேனிஷ் ரோஸ்வுட் மேசை ஒன்று கோபன்ஹேகனில் குறைவாகவும் நியூயார்க்கில் கூடுதலாகவும் போனால், ரசனை வேறுபாடு என்று முடிவு கட்டுவதற்கு முன் தாள்கள் இருந்தனவா என்று பாருங்கள். தேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

தந்தம் இன்னும் கடுமை. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947க்கு முன் செய்த, தந்தம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள பொருள்களைப் பதிவு செய்து விற்கலாம். 1918க்கு முந்திய மிகச் சிறந்த கலைப்பொருள்களுக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. சென்னை மாகாணத்தின் விசாகப்பட்டினத்தில் 18ஆம் நூற்றாண்டில் தச்சர்கள் செய்த, தந்தம் பதித்த மேசைகளும் பெட்டிகளும் நாற்காலிகளும் இந்தச் சட்டத்தில் நேராக மாட்டுகின்றன. லேசாகத் தந்தம் பதித்த பெட்டிக்கு முதல் விலக்கு கிடைக்கலாம். முழுக்கத் தந்தம் போர்த்தியதற்குச் சான்றிதழ் இல்லாமல் லண்டனில் இடமில்லை. ஆகவே 2022க்கு முந்திய லண்டன் விலைகளைப் பிந்தையவற்றோடு ஒரே வரைகோட்டில் போடக் கூடாது.

குறிப்பேடு

டிசைன் ஏலங்கள் ஆண்டில் இரு முறை கொத்தாக வரும்: நியூயார்க்கில் ஜூன், டிசம்பர், பாரிஸிலும் வசந்தம், இலையுதிர் காலம் என்று இரண்டு. இவற்றுக்கு நடுவே சிகாகோவின் ரைட், பாரிஸின் ஆர்ட்கூரியல், பியாசா போன்ற நிறுவனங்கள் அடிக்கடி நடத்தும். ஒரே வடிவமைப்பாளரை, முடிந்தால் ஒரே மாதிரியை எடுத்துக்கொண்டு மூன்று நான்கு பருவம் தொடர்ந்தால்தான் விலையின் போக்கு தெரியும். எல்லாவற்றையும் தொடர முயன்றால் தலைப்புச் செய்தி மட்டுமே மிஞ்சும்.

ஒவ்வொரு லாட்டுக்கும் தேதி, நிறுவனம், ஊர், லாட் எண், மாதிரி, மரம், எத்தனை உருப்படி, இரு மதிப்பீடுகள், சுத்தியல் விலை, பிரீமியத்தோடு விலை, நாணயம், உத்தரவாதக் குறியீடு, உடைமை வரலாற்றின் முதல் வரி, நிலை அறிக்கையில் முக்கியமானது எல்லாம் குறிப்பேட்டில் வர வேண்டும். விற்காதவற்றுக்கும் ஒரு வரி. விலையை விற்ற நாட்டின் நாணயத்திலேயே எழுதி, மாற்று விகிதத்தை ஏலத்தன்று உள்ளபடி பக்கத்தில் குறிக்க வேண்டும். இன்றைய விகிதத்தில் பழைய விலையை மாற்றினால் இல்லாத ஏற்றம் தோன்றும். சராசரிக்குப் பதில் விலைகளை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுங்கள். ஒரு நீர்யானை வந்தால் சராசரி முழுவதும் சாய்ந்துவிடும்.

மிக அதிகம் சொல்லும் வரிகள் திரும்ப விற்பனைக்கு வந்தவை. இங்கே அதே பொருளா, அதே மாதிரியா என்று பிரிக்க வேண்டும். லாக்ஹீட் லவுஞ்ச் 2006இல் சோத்பீஸில் 9,68,000 டாலர், 2009இல் பிலிப்ஸில் சுமார் 11 லட்சம் பவுண்டு, 2015இல் 24 லட்சம் பவுண்டு என்று ஏறுவரிசை காட்டுவார்கள். 15 பிரதிகளில் எது எப்போது விற்றது என்று பிரதி எண் பார்க்காமல் இதை ஒருவர் ஈட்டிய லாபமாகக் கொள்ள முடியாது. முன்மாதிரிக்கும் கலைஞர் பிரதிக்கும் வரிசைப் பிரதிக்கும் விலை வேறு.

பேட்மின்டன் கேபினெட்டில் இந்தச் சிக்கல் இல்லை, அது ஒன்றே ஒன்று. மூன்றாம் போஃபோர்ட் டியூக் பிளாரன்ஸில் சொல்லிச் செய்த கருங்காலி அலமாரி. முகப்பு முழுவதும் லேப்பிஸ், அகேட், ஜாஸ்பர் கற்களில் பூவும் பறவையும் பதித்தது. 1990 ஜூலையில் கிறிஸ்டீஸில் 85.8 லட்சம் பவுண்டு. 2004இல் 1,90,45,250 பவுண்டு. வாங்கியது வியன்னாவில் அப்போது இயங்கிய லிக்டென்ஸ்டைன் அருங்காட்சியகத்துக்காக. இரண்டு எண்ணையும் நேராக வகுத்தால் பதினான்கு ஆண்டு ஐந்து மாதத்தில் ஆண்டுக்கு 5.7 சதவீத வளர்ச்சி. ஆனால் 1990இல் வாங்கியவர் பிரீமியத்தோடு 85.8 லட்சம் கட்டினார். 2004இல் விற்றவர் கைக்குப் போவது சுத்தியல் விலையான சுமார் 1.7 கோடிதான். அப்படிப் போட்டால் வளர்ச்சி 4.9 சதவீதம். இதிலிருந்து விற்பவர் கமிஷன் இருந்தால் அதுவும், பதினான்கு வருடக் காப்பீடும், ஏறக்குறைய நான்கு மீட்டர் உயர அலமாரியைப் பிரித்துக் கொண்டுபோகும் செலவும் கழிய வேண்டும்.